தவமணி மாஸ்டருக்காக ஒரு ஜெபக்குறிப்பு

வாம்மா, உள்ளே வா. செருப்பு அங்கேயே கிடக்கட்டும். மாடி வீடு பார்க்கத்தானே? காட்டுகிறேன், சாவி இடுப்பில்தான் இருக்கிறது. அதற்கு முன்னால் கொஞ்சம் உட்கார். கம்பத்திலிருந்தா வருகிறாய்? ஆத்தாடி! முல்லையாற்றுத் தண்ணீரில் குளித்து வளர்ந்த பிள்ளைகளை இந்தக் கரிசல் புழுதிக்குக் கூட்டிக்கொண்டு வருகிறாய் என்றால் வேறெதற்கு, ஹாக்கிக்குத்தான். நீ சொல்லவே வேண்டாம். எங்கள் கோவில்பட்டிக்குக் குடும்பத்தோடு பெட்டி கட்டி வருகிறவர்கள் ஒன்று தீப்பெட்டி ஆபீசுக்கு வருவார்கள், இல்லை ஹாக்கிக்கு வருவார்கள். உன்னைப் பார்த்தால் தீப்பெட்டி அடுக்க வந்தவள் மாதிரி இல்லை.

வாசலில் நிற்பது உன் பிள்ளைகளா? பையன் நல்ல வாட்டசாட்டம், ஆண்டவர் காக்கட்டும். சும்மா நிற்கிறானா பார், கல்லை எத்திக்கொண்டே இருக்கிறான். அந்தக் காலே சொல்கிறது. சின்னது கூடத் துணைக்கு நிற்கிறதாக்கும். நிற்கட்டும், நிற்கட்டும்.

வாடகை எல்லாம் அப்புறம் என் வீட்டுக்காரர், ரூபன் அப்பா, வந்து பேசிக்கொள்வார். எனக்கு ஒரே ஒரு நிபந்தனைதான். என் மாடியில் குடியிருக்கிற பிள்ளை தவமணி மாஸ்டரிடம் பயிற்சிக்குப் போகக் கூடாது. பைபாஸ் பக்கம் வேறொரு கிளப் இருக்கிறது, அங்கே போகட்டும். உனக்கு முன்னால் இருந்த இரண்டு குடும்பத்தையும் நான்தான் அங்கே திருப்பி விட்டேன். சந்தோஷமாகப் போனார்கள்.

நான் யாரையும் குறை சொல்கிறவள் இல்லை. எட்டாவது வரைக்கும் படித்தவள். வேதம் வாசிப்பேன், முழங்கால் போடுவேன், அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. ஆனாலும் ஒருத்தி பெட்டி படுக்கையோடு வந்து நிற்கும்போது வாயை மூடிக்கொண்டு இருந்தால் ஆண்டவர் என்னைத்தான் கணக்குக் கேட்பார்.

நாங்களும் உன்னைப் போலத்தான் வந்தோம். சாத்தான்குளத்துக்குப் பக்கம் எங்களுக்கு. இவருக்குச் சொந்தமாகப் பலசரக்குக் கடை. வாங்க வருகிறவர் கையில் ஒரு துண்டு கருப்பட்டியை வைத்து, "தின்னு பாத்துட்டு வாங்குங்க" என்பார், அப்படி ஒரு மனுஷன். என் மூத்தவன் ரூபன் மிஷன் பள்ளிக்கூடத்தில் ஹாக்கி ஆடிக்கொண்டிருந்தான். ஒரு மேட்ச் பார்க்க வந்த தவமணி மாஸ்டர் அவன் தலையில் கை வைத்து, "அக்கா, பய நல்லாப் பந்து எடுக்கான். கோவில்பட்டிக்கு அனுப்புங்க, பாப்போம்" என்றார். அவர் வாயால் சொன்னது. இப்போது கேட்டால், "ஹாஸ்டல்ல விடத்தானக்கா சொன்னேன்" என்கிறான் அந்த மனுஷன். பெற்ற பிள்ளையை ஹாஸ்டல் சோற்றுக்கு விடவா பெற்றேன்? இவரும் அன்றைக்கு அதையே பாடினார். "ஏ சொர்ணம், பையன மட்டும் அனுப்புவோம். கடைய எதுக்கு விக்கணும்?" நான் மூன்று நாள் உபவாசம் இருந்தேன். நாலாம் நாள் கடை விற்றுப்போயிற்று. ஆண்டவருடைய சித்தம்.

லாரியில் முன்னால் ரூபன், மடியில் மட்டையை வைத்துக்கொண்டு ராஜா மாதிரி. பின்னால் சாமான்களுக்கு நடுவில் இளையவள் ஷைனி, அரிசிப் பானை மூடி ஆடாமல் பிடித்துக்கொண்டு. ஒரு ஆட்டுக்குட்டி வளர்த்தாள், கருப்பி என்று பெயர். அதைக் கூட்டிக்கொண்டு வர முடியவில்லை என்று வழி நெடுக மூக்கை உறிஞ்சினாள். "அண்ணனுக்கு நல்ல காலம் வருது, நீ ஆட்டுக்கு அழுதியே மூதி" என்று சொன்னேன். அதற்கப்புறம் அழவில்லை. சொன்னால் கேட்கிற பிள்ளைதான்.

இங்கே வந்து இவர் கடலைமிட்டாய்க் கம்பெனியில் பாகு கிண்டப் போனார். முதல் மாசமே பாகு தெறித்துப் புறங்கை வெந்துபோயிற்று. மறுநாளும் துணியைச் சுற்றிக்கொண்டு வேலைக்குப் போனார். எல்லாம் யாருக்காக? ரூபனுக்காக.

விடிய எழுந்து அவனுக்கு முட்டை அவித்து, பாலில் பனங்கற்கண்டு போட்டு, நானே கிரவுண்டுக்குக் கூட்டிக்கொண்டு போவேன். ஓரத்தில் வேப்பமரம் இருக்கிறது, அதற்கடியில் நின்று ஜெபித்துக்கொண்டே இருப்பேன். பந்து அவன் பக்கம் வந்தால் "ஸ்தோத்திரம்" என்பேன். ஷைனியை வீட்டில் தனியாக விட முடியாது, அதனால் கூடவே இழுத்துக்கொண்டு வருவேன். சும்மா நிற்காமல் பந்தாவது பொறுக்கட்டும் என்று கோல் போஸ்ட்டுக்குப் பின்னால் நிறுத்தினேன். பின்னால் முழுக்கக் கருவேலங்காடு. பந்து உள்ளே போனால் முள்ளுக்குள் புகுந்துதான் எடுக்க வேண்டும். செருப்பெல்லாம் கிடையாது அப்போது அவளுக்கு. அந்தச் சோம்பேறி என்ன செய்தாள் தெரியுமா? முள்ளுக்குள் போகச் சங்கடப்பட்டுக்கொண்டு, பந்து வரும்போதே குறுக்கே விழுந்து காலாலும் கையாலும் தடுக்க ஆரம்பித்துவிட்டாள். கோல் போடுகிறவர்கள் எல்லாம் பெரிய பையன்கள். ஒரு பந்தைக் கூட முள்ளுக்கு விடமாட்டாள்.

அதைப் பார்த்துவிட்டு மாஸ்டர் என்னிடம் வந்து, "அக்கா, பாப்பாவ எங்கிட்ட விடுங்க, கீப்பர் ஆக்குறேன்" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அவ பந்து பொறுக்க வந்தவ மாஸ்டர். நீங்க எம் பையனப் பாருங்க" என்றேன். அன்றைக்கே அந்த மனுஷனுடைய கண் எங்கே இருந்தது என்று பார்த்துக்கொள். நாம் ஒன்றுக்காக வந்திருக்கிறோம், அவர் வேறொன்றைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்!

ரூபன் அப்பா ஒரு நாள் கீப்பர் காலில் கட்டுகிற பழைய பேடு வாங்கி வந்தார், பஞ்சு பிதுங்கினது. ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் அவரும் ஷைனியும் உட்கார்ந்து சணல் ஊசியால் தைப்பார்கள். எனக்கு அந்த வேலையில் சேர்த்தி இல்லை. நான் ரூபனுக்குக் கால் பிடித்துவிடுவேன்.

அப்புறம் வந்தது செலக்‌ஷன். ஜில்லா டீம். ரூபன் பெயர் இல்லை. மாஸ்டரிடமே போய்க் கேட்டேன். "தம்பி நல்ல பிள்ளக்கா. ஆனா பந்து வர்ற வரைக்கும் நிக்கான். பந்தத் தேடி ஓட மாட்டேங்கான். அவனுக்கே இதுல பிரியம் இல்லையோன்னு தோணுது" என்றான். பிரியம் இல்லையாம்! எங்கள் கடையை விற்று வாங்கின பிரியம்! அவன் இடத்தில் யாரை எடுத்தான் தெரியுமா? தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்குகிற ஒருத்தியின் மகனை. செருப்பில்லாமல் ஓடுகிற பையன். அவள் மாஸ்டருக்கு என்ன சொக்குப்பொடி போட்டாளோ, நான் சொல்லக் கூடாது.

ரூபன் அன்றைக்குச் சாயங்காலம் கூட்டாளிகளோடு நின்று பன்னீர் சோடா குடித்துச் சிரித்துக்கொண்டிருந்தானாம். இவர் வந்து சொன்னார், "பயலுக்கு இப்பதான் நிம்மதி போல, சொர்ணம். சவத்த விடு." ஆண்பிள்ளைக்கு என்ன தெரியும்? பிள்ளை துக்கத்தை விழுங்கினான், அவ்வளவுதான். அதோடு மட்டையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டான். இப்போது திருப்பூரில் செல்போன் கடை வைத்திருக்கிறான். பெண்சாதி பிள்ளையோடு நல்ல தொந்தி போட்டு இருக்கிறான். ஹாக்கிப் பேச்சை எடுத்தாலே விழுந்து விழுந்து சிரிக்கிறான். அவ்வளவு பெரிய காயம் அம்மா அது.

நான் என்ன செய்ய முடியும்? மண்ணை வாரித் தூற்றுகிற சாதி இல்லை நாங்கள். ஜெபம்தான்.

எங்கள் சபையில் வெள்ளிக்கிழமை பெண்கள் உபவாச ஜெபம் உண்டு. ஆரம்பத்தில் ஐயரம்மா, அதுதான் எங்கள் பாதிரியார் வீட்டம்மா, "யாருக்காவது ஜெபக்குறிப்பு இருக்கா?" என்று கேட்பார்கள். மகளுக்கு மாப்பிள்ளை, மாமியாருக்கு முட்டுவலி, இப்படி ஆளுக்கொன்று சொல்வார்கள். நான் எழுந்து, "தவமணி மாஸ்டருடைய மனக்கடினம் மாற" என்றேன். பெயரைச் சொல்லாமல் ஜெபித்தால் ஆண்டவருக்கு எப்படி அம்மா அடையாளம் தெரியும்? மாஸ்டர் பெண்சாதி ரோஸ்லின் எனக்குப் பக்கத்தில்தான் முழங்கால் போட்டிருந்தாள். எல்லாரையும் விட அவள்தான் சத்தமாக "ஆமென்" என்றாள்.

அடுத்த வெள்ளி, "தவமணி மாஸ்டருடைய பட்சபாதம் நீங்க." அதற்கடுத்த வெள்ளி, "அவரால் கண்ணீர் வடிக்கிற தாய்மாருக்காக." ஜெபம் முடிந்ததும் வராண்டாவில் ஒவ்வொருத்தியாக வந்து, "என்ன அக்கா, மாஸ்டர் என்ன செஞ்சாரு?" என்று கேட்பாள். "வேண்டாம் பிள்ள, நாம ஜெபிக்க மட்டும் செய்வோம்" என்று சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொள்வேன். அவ்வளவுதான். ஒரு வார்த்தை கூடச் சொன்னதில்லை நான். அந்த வருஷம் ரெண்டு மூன்று வீட்டில் பிள்ளைகளை அவனிடமிருந்து நிறுத்திவிட்டார்கள். ஜெபத்துக்கு அப்படி ஒரு வல்லமை.

ஐயரம்மா ஒரு தடவை தனியாகக் கூப்பிட்டு, "சொர்ணம், கொஞ்ச நாளைக்கு மாஸ்டர விட்டுட்டு வேற யாருக்காவது ஜெபிக்கலாமே" என்றார்கள். "பாரம் எறங்கலியே அம்மா" என்றேன்.

இதில் ஒரு கூத்து நடந்தது. அந்த மனுஷன் ஒரு நாள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு என் வீட்டு வாசலுக்கு வந்து நிற்கிறான், கண் கலங்கி. "அக்கா, நீங்க வாரா வாரம் எனக்காக உபவாசம் இருக்கீங்கன்னு ரோஸ்லின் சொன்னா. கூடப் பொறந்த அக்கா கூட எனக்கு இப்படி செய்ததில்லக்கா." கையைக் கூப்பிக்கொண்டு போய்விட்டான். நான் உலை கொதித்து வழிகிறதைக் கூடப் பார்க்காமல் நின்றேன். என்ன தைரியம்! என் ஜெபத்தை எடுத்து அவன் சட்டையில் குத்திக்கொண்டு போகிறான்!

அதற்குள்ளே ஷைனி அவனிடம் ஆட ஆரம்பித்திருந்தாள். எனக்குத் தெரியாமல் இல்லை, நான் கவனிக்கவில்லை. ரூபனை எண்ணி அழவே எனக்கு நேரம் சரியாக இருந்தது. அவள் பாட்டுக்கு விடிய எழுந்து போவாள், பழைய சோற்றைக் குடித்துவிட்டு. ஒரு நாள் பொம்பளைப் பிள்ளைகள் டீம் ஃபைனலில் ஜெயித்தது. மாஸ்டர் என்ன செய்தான் தெரியுமா? என்னை மேடைக்குக் கூப்பிட்டு, "இந்த வெற்றிக்குக் காரணம் இந்த அக்காவோட ஜெபம்" என்று மைக்கில் சொல்லி, என் கையாலேயே கப்பைக் கொடுக்க வைத்தான். முகமூடி மாதிரி ஒரு ஹெல்மெட், நெஞ்சுக்கு, காலுக்கு என்று மூட்டை மூட்டையாகக் கட்டிக்கொண்டு ஒன்று என் முன்னால் வந்து நின்றது. ஹெல்மெட்டைக் கழற்றினால் ஷைனி. வேர்த்து வடிந்து, சிரித்துக்கொண்டு, கப்புக்காக நீட்டின கையில் ஒரு விரல் வீங்கியிருந்தது. என் மகனுக்கு வந்திருக்க வேண்டிய கப்பை என் கையாலேயே இன்னொருத்தருக்குக் கொடுக்க வைத்தான் பார்த்தாயா! இதை விடப் பழி வாங்க முடியுமா ஒரு மனுஷனால்? நான் கப்பைக் கொடுத்துவிட்டு மாஸ்டரைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன். "அம்மா, போட்டோ எடுக்காங்க, இங்க பாரு" என்று அவள் சொன்னது கூட அப்புறம்தான் காதில் விழுந்தது.

அந்த ஆட்டத்தில்தான் அவளுக்கு ரயில்வேயில் வேலை கிடைத்தது. வடக்கே இருக்கிறாள். இந்த வீடு அவள் கட்டினது. நீ இப்போது உட்கார்ந்திருக்கிற நாற்காலி அவள் வாங்கினது, மாடியும் அவள் போட்டதுதான். "அப்பா இனிமே பாகு கிண்ட வேண்டாம்" என்று ஒரே வார்த்தையில் நிறுத்தினாள். நல்ல பிள்ளை, இல்லை என்று சொல்லவில்லை. ஒரு குறைதான். லீவுக்கு வந்தால் ஸ்டேஷனிலிருந்து நேரே கிரவுண்டுக்குப் போய் அவனுக்கு ஸ்தோத்திரம் சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்கு வருவாள். பெற்றவள் அப்புறம்.

போன வருஷம் மாஸ்டர் பள்ளிக்கூட வேலையிலிருந்து ரிட்டையர் ஆனான், கிரவுண்டுப் பயிற்சியை மட்டும் விடவில்லை. பழைய பிள்ளைகள் எல்லாம் கூடி கிரவுண்டிலேயே பாராட்டு விழா வைத்தார்கள். பந்தல் என்ன, ஆள் உயர மாலை என்ன! ஷைனி லீவு போட்டு வந்து எல்லாம் ஓடி ஓடிச் செய்தாள். "அம்மா, நீதான் ஆரம்ப ஜெபம் பண்ணணுமாம். மாஸ்டரே கேட்டாரு" என்றாள். நான் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு போனேன். இத்தனை வருஷம் காத்திருந்ததற்கு ஆண்டவர் மைக்கையே கையில் கொடுத்தார்.

எல்லாரும் எழுந்து நின்று கண்ணை மூடினார்கள். நான் ஆரம்பித்தேன். "ஆண்டவரே, இந்த மனுஷன் எங்கள் குடும்பத்தைப் பெயர்த்து இந்த ஊரில் போட்டதை மன்னிக்கிறேன். என் புருஷன் கை பாகில் வெந்ததை மன்னிக்கிறேன். என் மகன் கையிலிருந்த மட்டையைப் பிடுங்கினதை மன்னிக்கிறேன். இவருடைய பட்சபாதத்தை, கல் நெஞ்சை, எல்லாத்தையும் இந்தச் சபைக்கு முன்பாக மன்னிக்கிறேன்." ஒவ்வொன்றாக, நிறுத்தி நிறுத்தி. ஜெபத்தை நடுவில் யாரும் நிறுத்த முடியாது பார். கண்ணைத் திறக்கவும் முடியாது. நான் மட்டும் கண்ணைத் திறந்து அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் ஜெபித்தேன். மாலைக்குள் முகம் சுருங்கிச் சுருங்கி, அந்தச் சால்வை ஓரத்தை விரல் பிசைந்துகொண்டே இருந்தது. அப்படி ஒரு சமாதானம் எனக்கு, என் ஆயுசிலேயே வந்ததில்லை.

இன்னொரு ஜோடிக் கண்ணும் திறந்திருந்தது. ஷைனி. அவள் மாஸ்டரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமென்" சொன்னதும் மாஸ்டர், "தேங்க்ஸ்க்கா" என்றான். வீட்டுக்கு வந்ததும் ஷைனி கேட்கிறாள், "அம்மா, அவ்வளவு நேரம் சொன்னியே, அதுல நான் எங்கம்மா இருந்தேன்?" எனக்குப் புரியவில்லை. "ஒன்னப் பத்தி இப்ப யாருடி பேசினா?" என்றேன். பையை எடுத்துக்கொண்டு அன்றைக்கே ரயில் ஏறிவிட்டாள். போன கிறிஸ்மஸுக்கு வரவில்லை. அச்சுமுறுக்கு சுட்டு வைத்து, நமுத்துப்போய், கோழிக்குப் போட்டேன். அப்பாவுக்குப் போன் பண்ணுவாள். "அம்மாவுக்கு ஸ்தோத்திரம் சொல்லுங்க" என்பாள், அவ்வளவுதான். அவர் போனை நீட்டுவார், அதற்குள் வைத்துவிடுவாள்.

பார்த்தாயா, கடைசியில் என் மகளையும் பறித்துக்கொண்டான். அதனால்தான் சொல்கிறேன், உன் பையனை அவனிடம் விட்டுவிடாதே. எந்த இடத்தில் ஆடுகிறான்? ஃபார்வர்டா?

என்ன?

பையன் ஆடுவதே இல்லையா? பின்னே?

சின்னவளா!

அவளுக்காகவா கம்பத்தை விட்டுவிட்டு, உன் புருஷன் வேலையை மாற்றிக்கொண்டு, பையனையும் இழுத்துக்கொண்டு வந்திருக்கிறாய்? பொம்பளைப் பிள்ளைக்காகவா? உன் புருஷன் ஒன்றும் சொல்லவில்லையா? அவர்தான் சொன்னாரா... ம்.

இரு. அந்தப் பையன் இவ்வளவு நேரமும் கல்லை எத்திக்கொண்டே இருந்தானே, என் நடைக்குள் ஒரு கல் வந்து விழவில்லையே. அவள்தான் வாசலில் நின்று தடுத்துக்கொண்டிருக்கிறாளா? கீப்பரா?

இந்த வீட்டை உனக்கு யார் சொன்னது?

ஷைனியா? எங்கே பார்த்தாய் அவளை? மதுரையிலா? மதுரை கேம்ப்புக்கா வந்திருந்தாள்? எப்போது? இந்தா, கூப்பிடு தூரம், பஸ் ஏறினால் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துவிடலாம். மதுரை வரைக்கும் வந்தவள்... சரி, அதை விடு. என்ன சொன்னாள்? வார்த்தை மாறாமல் சொல்லு.

"எங்க அம்மா வீட்டு மாடிக்குப் போங்க. விடிய எழுப்பி, முட்டை அவிச்சுக் குடுத்து, கிரவுண்டு வரைக்கும் கூட்டிட்டுப் போவாங்க. ஹாக்கிப் பிள்ளைய எங்க அம்மா மாதிரி யாராலயும் பாத்துக்க முடியாது. எங்க அண்ணன அப்படித்தான் பாத்தாங்க."

அண்ணனை என்றா சொன்னாள்?

சிரித்துக்கொண்டு சொன்னாளா, சும்மா சொன்னாளா? சரி, நீ எப்படிக் கண்டாய்.

இந்தப் பிள்ளை ஆடுவதைப் பார்க்க வருவாளாமா? லீவில் வந்து அவளே சொல்லிக்கொடுக்கிறேன் என்றாளா? எங்கே வைத்து? பைபாஸ் கிளப்பில் வைத்துச் சொல்லிக்கொடுக்கலாமே, அங்கேயும் கிரவுண்டு இருக்கிறதே. இல்லையா? மாஸ்டரிடம் சேர்த்தால்தானா? மாஸ்டரிடம் சேர்த்தால்தான் வருவாளா?

பார், இங்கேயும் வந்து குறுக்கே நிற்கிறான் பார். என் மகள் என் வீட்டு வாசலுக்கு வர அவன் கிரவுண்டு வழியாகத்தான் வர வேண்டுமா? இவனுக்கு எத்தனை ஜெபம் பண்ணினாலும் போதாது.

இந்தா, சாவி. பிடி. மேலே தண்ணீர்த் தொட்டி மூடியை மட்டும் மறக்காமல் போடு, காக்கா விழுந்துவிடும். நிபந்தனையா? அதுதான் சாவியைக் கொடுத்துவிட்டேனே, அப்புறம் என்ன நிபந்தனை. அவனிடமே சேர். ஆனால் நான் இறங்கி வந்துவிட்டேன் என்று மட்டும் அவன் நினைத்துவிடக் கூடாது, சொல்லிவிட்டேன்.

ஏ பாப்பா, இங்கே வா. காலைக் காட்டு. செருப்பு போட்டிருக்கிறாய், நல்லது. முட்டை ஒன்று போதுமா, இரண்டு வேண்டுமா?

நாளைக்கு விடிய நானே இவளைக் கூட்டிக்கொண்டு போகிறேன், நீ சாமானை இறக்கு. வேப்பமரத்தடியில் நிற்க மாட்டேன். இந்தத் தடவை கோல் போஸ்ட்டுக்குப் பின்னால், அந்த முள்ளுக்குள்ளேயே போய் நிற்பேன். அவன் திரும்புகிற பக்கமெல்லாம் என் முகம்தான் தெரிய வேண்டும். ஷைனி வருகிற வரைக்கும் தினமும் நிற்பேன். கண்ணைத் திறந்துகொண்டேதான் ஜெபிப்பேன், போய்ச் சொல் அவனிடம்.